தூக்குக் கயிறு குற்றத்தைக் குறைக்குமா? இலங்கை ஒருமுறை சோதித்துப் பார்த்த கதை

புத்தளம் மாவட்டத்தின் வண்ணாத்திவில்லு பிரதேசத்தில், வில்பத்துக் காட்டின் விளிம்பில் கடலைப் பார்த்துக் கிடக்கிறது கரைத்தீவு. மீன்பிடிதான் இங்கே பிழைப்பு. களப்புக்கு அப்பால் கற்பிட்டி. இந்தக் கரையோரத்தின் பெயர் செய்திகளில் அடிபடுவது பெரும்பாலும் ஒரே காரணத்துக்காகத்தான். கற்பிட்டிக் கடலில் பீடி இலை மூட்டைகள் சிக்கின, கேரள கஞ்சா பிடிபட்டது, ஹெரோயினுடன் படகு மடக்கப்பட்டது என்று கடற்படையின் அறிக்கைகள் அடிக்கடி வெளிவருகின்றன. அந்தச் செய்திகளோடு வரும் படங்களில் மூட்டைகளுக்குப் பக்கத்தில் தலை குனிந்து நிற்பவர்கள் அநேகமாகப் படகோட்டிகள். பொருளுக்குப் பணம் போட்டவர் அந்தப் படத்தில் இருப்பது அரிது.

இத்தகைய செய்தி ஒவ்வொன்றின் பின்னும் ஒரு பேச்சு எழுகிறது. "நாலு பேரைத் தூக்கில போட்டால் மற்றவன் எல்லாம் அடங்கிப் போவான்." தேநீர்க் கடையிலும் முகநூலிலும் இதைக் கேட்கலாம். 2015இல் புங்குடுதீவு மாணவியின் படுகொலைக்குப் பிறகு வடக்கின் வீதிகளில் இதே கோரிக்கை பதாகைகளில் ஏந்தப்பட்டது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் கோபம் நியாயமானதா என்பது வேறு, தூக்குக் கயிறு குற்றத்தைக் குறைக்குமா என்பது வேறு. இரண்டாவது கேள்விக்கு அனுபவத்தைக் கொண்டுதான் விடை தேட முடியும். அந்த அனுபவம் இலங்கைக்கே உண்டு. பலர் அதை மறந்துவிட்டார்கள்.

சட்டத்தில் இருக்கிறது, நடைமுறையில் இல்லை

முதலில் இன்றைய நிலையைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இலங்கையில் மரண தண்டனை ஒழிக்கப்படவில்லை. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை கொலைக்கும் அரசுக்கு எதிராகப் போர் தொடுப்பதற்கும் மரண தண்டனையை விதிக்கிறது. 1984இல் கொண்டுவரப்பட்ட போதைப்பொருள் சட்டத் திருத்தம் 2 கிராம் ஹெரோயின் வைத்திருந்தாலே மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை விதிக்க வழி செய்தது. 2022இல் நிறைவேற்றப்பட்ட இன்னொரு திருத்தம் ஐஸ் எனப்படும் போதைப்பொருளையும் அந்த வரிசையில் சேர்த்தது.

நீதிமன்றங்கள் ஆண்டுதோறும் மரண தண்டனைத் தீர்ப்பு வழங்கிக்கொண்டே இருக்கின்றன. ஆனால் கடைசியாக ஒருவர் தூக்கிலிடப்பட்டது 1976 ஜூன் 23ஆம் திகதி, வெலிக்கடைச் சிறையில். அதற்குப் பின் வந்த ஜனாதிபதிகள் எவரும் ஒருவரைத் தூக்குமேடைக்கு அனுப்பவில்லை. தண்டனை பெற்ற நூற்றுக்கணக்கானோர் சாவும் இன்றி விடுதலையும் இன்றிச் சிறைகளில் காலம் கழிக்கிறார்கள். பலருடைய தண்டனை பின்னர் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்படுகிறது. இத்தகைய நாடுகளை நடைமுறையில் மரண தண்டனையைக் கைவிட்ட நாடுகள் என்று சர்வதேச அமைப்புகள் வகைப்படுத்துகின்றன.

1956: பண்டாரநாயக்க எடுத்த முடிவு

1956இல் ஆட்சிக்கு வந்த எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவின் அரசாங்கம் தூக்குத் தண்டனைகளை நிறைவேற்றுவதை நிறுத்தியது. 1958இல் அதற்கென ஒரு சட்டமே இயற்றப்பட்டது. தமிழர்கள் அந்த அரசாங்கத்தைத் தனிச் சிங்களச் சட்டத்துக்காகவும் 1958 வன்முறைக்காகவும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே அரசாங்கம்தான் ஆசியாவில் அன்று மிகச் சில நாடுகளே துணிந்த இந்தச் சோதனையையும் செய்தது.

இந்த இடைநிறுத்தத்தின் விளைவை ஆராய ஓர் ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. அவுஸ்திரேலியாவில் பணியாற்றிய குற்றவியல் அறிஞர் நோர்வல் மொரிஸ் அதற்குத் தலைவர். சட்டப் பேராசிரியர் த. நடராஜா அதன் உறுப்பினர்களில் ஒருவர். இலங்கையின் பல பத்தாண்டுக் கொலைப் புள்ளிவிவரங்களை ஆராய்ந்த அந்த ஆணைக்குழு, 1959இல் தன் அறிக்கையை வெளியிட்டது. தூக்குத் தண்டனை நிறுத்தப்பட்டதால் கொலைகள் பெருகின என்று சொல்ல ஆதாரம் இல்லை என்பதே அதன் முக்கியமான முடிவு. கொலைகளின் ஏற்றத்தாழ்வு தூக்குமேடை இயங்குகிறதா இல்லையா என்பதைப் பின்பற்றி நடக்கவில்லை.

பிறகு நடந்தது வரலாற்றின் கொடூரமான முரண். 1959 செப்டெம்பர் 25ஆம் திகதி பண்டாரநாயக்க தன் வீட்டில் சுடப்பட்டு, மறுநாள் இறந்தார். நாடு கொதித்தது. அடுத்துப் பிரதமரான விஜயானந்த தஹநாயக்கவின் அரசாங்கம் அந்த ஆண்டு முடிவதற்குள் இடைநிறுத்தச் சட்டத்தை நீக்கியது. புதிய சட்டம் முன்திகதியிட்டும் செல்லும் வகையில் எழுதப்பட்டது. அதாவது, குற்றம் நடந்த நாளில் இல்லாத தண்டனை பின்னர் பொருத்தப்பட்டது.

சுட்ட பிக்கு தல்துவே சோமாராம 1962 ஜூலை 6ஆம் திகதி தூக்கிலிடப்பட்டார். ஆனால் சதியின் சூத்திரதாரி என்று நீதிமன்றம் கண்ட மாபிட்டிகம புத்தரக்கித தேரரும், அவருடைய கூட்டாளி எச்.பி. ஜயவர்தனவும் தப்பினார்கள். அவசரமாக எழுதப்பட்ட அந்தச் சட்டம் கொலைக்குத்தான் முன்திகதியிட்டுச் செல்லும், கொலைச் சதிக்குச் செல்லாது என்று குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கண்டது. அவர்களுடைய தண்டனை ஆயுள் சிறையாகியது. திட்டமிட்டவர் உயிரோடு இருந்தார், ஏவப்பட்டவர் கயிற்றில் தொங்கினார். கற்பிட்டிப் படகோட்டியின் படத்தைப் பார்க்கும்போது இந்த வழக்கு நினைவுக்கு வராமல் போகாது.

"தூக்கு நிறுத்தப்பட்டிருந்ததால்தானே பண்டாரநாயக்க கொல்லப்பட்டார்?" என்று அன்று பலர் கேட்டார்கள். பகல் வேளையில் பலர் முன்னிலையில் பிரதமரைச் சுட்ட ஒருவர் தப்பிச் செல்லும் கணக்கோடு வந்தவர் அல்லர். ஒரு கொலையை வைத்து ஒரு சட்டத்தின் பலனை அளக்கவும் முடியாது. அதற்காகத்தான் ஆணைக்குழு பல பத்தாண்டுக் கணக்கைப் பார்த்தது. அந்தக் கணக்கு, கோபத்தின் நடுவே படிக்கப்படாமல் போனது.

கயிறு இருந்த காலமும் இல்லாத காலமும்

1976க்குப் பிறகு குற்றங்கள் பெருகின, ஆகவே தூக்கை நிறுத்தியதுதான் காரணம் என்பது அடிக்கடி கேட்கும் வாதம். 1980களிலும் 1990களிலும் கொலைகள் பெருகின என்பது உண்மை. ஆனால் அந்த ஆண்டுகளில் நாட்டில் என்ன நடந்தது என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. வடக்கு கிழக்கில் போர், தெற்கில் ஜே.வி.பி. கிளர்ச்சியும் அதை அடக்கிய அரச பயங்கரமும், படையை விட்டு ஓடியவர்களின் கைகளில் துப்பாக்கிகள். இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டுத் தூக்குமேடையை மட்டும் காரணம் காட்டுவது கணக்கை ஏமாற்றுவதாகும்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். தூக்கு நடைமுறையில் இருந்த 1971இல் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அரசைக் கவிழ்க்க ஆயுதம் ஏந்தினார்கள். போர் முடிந்த பிறகு 2010களில், ஒருவரைக்கூடத் தூக்கிலிடாமலே, நாட்டில் பதிவாகும் கொலைகள் குறைந்தன. கயிறு இருந்தபோது எழுந்த வன்முறையும் கயிறு இல்லாதபோது தணிந்த வன்முறையும் வேறு காரணங்களால் எழுந்து தணிந்தவை.

2004 நவம்பர் 19ஆம் திகதி கொழும்பு மேல் நீதிமன்ற நீதிபதி சரத் அம்பேபிட்டிய தன் வீட்டு வாசலில் சுட்டுக்கொல்லப்பட்டார். போதைப்பொருள் வழக்குகளில் கடுமையான தண்டனைகளை வழங்கியவர் அவர். ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க உடனே மரண தண்டனை மீண்டும் அமுலாகும் என்று அறிவித்தார். தூக்கு எதுவும் நடக்கவில்லை. ஆனால் கொலையாளிகளும் ஏவியவரும் பிடிபட்டுத் தண்டிக்கப்பட்டார்கள். பலன் தந்தது காவல்துறையின் புலனாய்வு.

2019: அலுகோசு தேடிய ஆண்டு

மரண தண்டனையை மீண்டும் கொண்டுவர மிக அருகில் சென்றவர் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன. 2019 ஜனவரியில் பிலிப்பைன்ஸ் சென்ற அவர், அந்நாட்டு ஜனாதிபதி ரொட்ரிகோ டுட்டெர்ட்டேயின் போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையை வெளிப்படையாகப் பாராட்டினார். அடுத்த மாதம் இரண்டு அலுகோசு பதவிகளுக்கு விண்ணப்பம் கோரி விளம்பரம் வந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். ஜூன் 26ஆம் திகதி, போதைப்பொருள் குற்றவாளிகள் நால்வரைத் தூக்கிலிடும் ஆவணத்தில் கையெழுத்திட்டுவிட்டதாகச் சிறிசேன அறிவித்தார். யார் அந்த நால்வர் என்பது சொல்லப்படவில்லை. ஜூலை 5ஆம் திகதி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்தத் தடை பின்னர் நீடிக்கப்பட்டது. 2022 ஓகஸ்ட்டில், மரண தண்டனையை நிறைவேற்றத் தான் கையெழுத்திடப்போவதில்லை என்ற ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவின் நிலைப்பாட்டைச் சட்டமா அதிபர் உயர் நீதிமன்றத்துக்குத் தெரிவித்தார்.

ஒரு விடயம் கவனிக்கத்தக்கது. 2018 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபையில், மரண தண்டனை நிறைவேற்றத்தை உலகெங்கும் இடைநிறுத்தக் கோரிய தீர்மானத்துக்கு இலங்கை ஆதரவாக வாக்களித்திருந்தது. வெளியில் ஒரு முகம், உள்ளூர்த் தேர்தல் மேடைக்கு இன்னொரு முகம்.

சிறிசேன பாராட்டிய பிலிப்பைன்ஸ் முறையின் முடிவு என்ன? அந்நாட்டு அரசின் சொந்தக் கணக்கின்படியே 6,000க்கும் மேற்பட்டோர் பொலிஸ் நடவடிக்கைகளில் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் நகர்ப்புறச் சேரிகளைச் சேர்ந்த ஏழைகள். போதைப்பொருள் அங்கே ஒழியவில்லை. டுட்டெர்ட்டே 2025 மார்ச் 11ஆம் திகதி கைது செய்யப்பட்டு, ஹேக்கில் உள்ள சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார்.

பிற நாடுகளின் கணக்கு

அமெரிக்காவில் 1975இல் பொருளியலாளர் ஐசக் எர்லிக் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒவ்வொரு தூக்கும் ஏழெட்டுக் கொலைகளைத் தடுத்திருக்கலாம் என்பது அவருடைய மதிப்பீடு. மரண தண்டனை ஆதரவாளர்கள் இன்றும் மேற்கோள் காட்டும் ஆய்வு இது. அதன்பின் மற்றவர்கள் அதே தரவுகளைச் சோதித்தபோது, எந்த ஆண்டுகளைச் சேர்க்கிறோம், எந்தக் காரணிகளை விடுகிறோம் என்பதைப் பொறுத்து முடிவு தலைகீழாக மாறியது. 2012இல் அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிப் பேரவை முப்பதாண்டு ஆய்வுகள் அனைத்தையும் பரிசீலித்தது. மரண தண்டனை கொலைகளைக் குறைக்கிறது என்றோ கூட்டுகிறது என்றோ சொல்ல அவை எவையும் உதவா, கொள்கை வகுக்க அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று அது முடிவு கூறியது. இது மரண தண்டனைக்கு எதிரானவர்களின் அறிக்கை அல்ல, அறிவியலாளர்களின் அறிக்கை.

கனடா 1976இல் கொலைக்கான மரண தண்டனையை ஒழித்தது. அதற்கு முந்தைய ஆண்டில் ஒரு லட்சம் பேருக்கு 3.09 ஆக இருந்த கொலை வீதம், 1980இல் 2.41 ஆகக் குறைந்தது. பிறகு இன்னும் கீழே இறங்கியது. ஒழித்ததால் குறைந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. ஒழித்தால் பெருகும் என்ற அச்சம் பலிக்கவில்லை என்பதே பொருள்.

நமக்கு அருகிலும் ஓர் உதாரணம் உண்டு. திருவிதாங்கூர் சமஸ்தானம் 1944இல் மரண தண்டனையை நீக்கியது. இந்திய ஒன்றியத்தோடு இணைந்த பிறகு அது மீண்டும் நடைமுறைக்கு வந்தது. தண்டனை இல்லாத ஆண்டுகளிலும் திரும்பிய ஆண்டுகளிலும் கொலைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

சிங்கப்பூரை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். கடுமையான சட்டம், ஒழுங்கான நகரம். ஆனால் ஹொங்கொங் அதேபோன்ற துறைமுக நகரம். அங்கே 1966க்குப் பிறகு ஒருவரும் தூக்கிலிடப்படவில்லை, 1993இல் தண்டனையே ஒழிக்கப்பட்டது. சிம்ரிங், ஃபேகன், ஜோன்சன் ஆகிய மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த இரு நகரங்களின் கொலை வீதங்களையும் 2010இல் ஒப்பிட்டார்கள். 1990களின் நடுவில் சிங்கப்பூர் ஆண்டுக்கு 70 பேருக்கு மேல் தூக்கிலிட்ட காலத்திலும், பின்னர் அது வெகுவாகக் குறைந்த காலத்திலும், இரு நகரங்களின் கொலை வீதமும் ஒரே போக்கில்தான் இறங்கின. போதைப்பொருளுக்கு வந்தால், 2022இல் சிங்கப்பூர் தூக்கிலிட்ட 11 பேரும் போதைப்பொருள் வழக்கினர். அங்கே போதைப்பொருள் பாவித்ததற்காக ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,000 பேர் இன்னும் கைதாகிறார்கள். மரண தண்டனை தங்களுக்குப் பயன் தருகிறது என்றே அந்நாட்டு அரசு வாதிடுகிறது. ஆனால் தூக்குமேடைக்குப் போனவர்களில் கூலிக்குப் பொதி சுமந்தவர்கள் பலர், தமிழ் வம்சாவளியினரும் அவர்களில் உண்டு.

பயம் ஏன் வேலை செய்வதில்லை

இத்தாலியரான சேசரே பெக்காரியா 1764இலேயே இதற்கு விடை சொன்னார். குற்றவாளியைத் தடுப்பது தண்டனையின் கொடுமையை விட, அது தவறாமல் வரும் என்ற நிச்சயமும் விரைந்து வரும் என்ற உறுதியும்தான். பிடிபடுவோம் என்று நினைக்காதவனுக்குத் தண்டனை என்னவாக இருந்தாலும் ஒன்றுதான்.

கொலைகள் எப்படி நடக்கின்றன என்று பார்த்தால் இது விளங்கும். காணித் தகராறு, குடிபோதை, குடும்பச் சண்டை, பழைய பகை. கத்தியை எடுக்கும் நொடியில் யாரும் தண்டனைச் சட்டக்கோவையைப் புரட்டிப் பார்ப்பதில்லை. திட்டமிட்டுக் கொல்பவர்களோ பிடிபடமாட்டோம் என்ற கணக்கில் இறங்குகிறார்கள். அரசியல் காரணத்துக்காக ஆயுதம் ஏந்துபவர்கள் சாவை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டவர்கள். கழுத்தில் சயனைட் குப்பியோடு நடமாடிய ஒரு தலைமுறையைப் பார்த்த சமூகம் நாம். கயிற்றைக் காட்டி அவர்களை யாரும் நிறுத்தியிருக்க முடியாது.

கடத்தலில் நிலைமை இன்னும் எளிது. கடலுக்குப் போகும் ஒரு கூலித் தொழிலாளிக்கு எண்ணெய் விலை கட்டவில்லை, சம்மாட்டிக்குக் கடன், வீட்டில் பசி. ஓர் இரவுப் பயணத்துக்கு ஒரு மாத வருமானம் கிடைக்கிறது. அவர் பிடிபட்டால் பொருளின் உரிமையாளருக்கு நட்டம் ஒரு பொதிதான். அடுத்த இரவு வேறொரு படகு கிடைக்கும். படகோட்டியைத் தூக்கிலிட்டால் கடத்தல் சங்கிலியில் மிக மலிவான கண்ணி ஒன்று அறுகிறது, அவ்வளவே. ஹெரோயினுக்கு மரண தண்டனை 1984 முதல் சட்டத்தில் இருக்கிறது. இந்த நாற்பது ஆண்டுகளில் அது நம் கிராமங்களை விட்டு விலகியதா, உள்ளே வந்ததா என்பதை ஒவ்வொரு தாயும் அறிவார்.

வாக்குமூலம் என்ற பொறி

தமிழ் வாசகர்களுக்கு இன்னொரு கேள்வி உண்டு. யாரைத் தூக்கிலிடுவார்கள்?

1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் உதவிப் பொலிஸ் அத்தியட்சர் அல்லது அதற்கு மேற்பட்ட அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றச் சான்றாக ஏற்றது. அந்த வாக்குமூலங்கள் எப்படிப் பெறப்பட்டன என்பதற்குச் சாட்சிகள் நம் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். 1982இல் மரண தண்டனை விதிக்கப்பட்ட குட்டிமணியும் ஜெகனும் தூக்குமேடையைக் காணவில்லை. 1983 ஜூலை 25ஆம் திகதி வெலிக்கடைச் சிறைக்குள்ளேயே கொல்லப்பட்டார்கள். 25, 27ஆம் திகதிகளில் அங்கே கொல்லப்பட்ட தமிழ்க் கைதிகள் 53 பேர். அரசின் காவலில் இருந்தவர்களைக் காக்க முடியாத அமைப்பிடம் உயிர் எடுக்கும் அதிகாரத்தையும் கொடுக்கலாமா என்பதற்கு அந்த இரு நாட்களும் பதில் சொல்கின்றன.

கடலுக்கு அப்பால் ராஜீவ் காந்தி வழக்கைப் பாருங்கள். 1998 ஜனவரியில் தடா நீதிமன்றம் 26 பேருக்கு மரண தண்டனை விதித்தது. அவர்களில் ஈழத் தமிழர்களும் இருந்தார்கள். 1999 மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டுமே தூக்கை உறுதி செய்தது. 19 பேர் விடுதலையானார்கள். அந்த நால்வரில் நளினியின் தண்டனை 2000இலும் மற்ற மூவரின் தண்டனை 2014 பெப்ரவரியிலும் குறைக்கப்பட்டன. பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த புலனாய்வு அதிகாரி தியாகராஜன், அதில் முக்கியமான ஒரு பகுதியைத் தான் விட்டுவிட்டதாக 2013இல் பகிரங்கமாகச் சொன்னார். வாங்கிக் கொடுத்த மின்கலம் எதற்கு என்பது தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் கூறியதுதான் அந்தப் பகுதி. 2022இல் அவரும், பின்னர் மற்றவர்களும் விடுதலையானார்கள். 26 என்ற எண்ணிக்கை நான்காகி, நான்கு பூச்சியமானது. 1998இலேயே கயிறு விழுந்திருந்தால் இந்தத் திருத்தம் எதற்கும் இடம் இருந்திருக்காது.

இது தமிழர்களுக்கு மட்டுமான ஆபத்தும் அல்ல. 2015 செப்டெம்பரில் கம்பஹா மாவட்டம் கொட்டதெனியாவவில் ஐந்து வயதுச் சிறுமி கொல்லப்பட்டாள். நாடு முழுவதும் தூக்குக் கேட்டுக் குரல் எழுந்தது. பொலிஸார் முதலில் 17 வயது மாணவன் ஒருவனையும் இன்னொருவரையும் பிடித்தார்கள். தன்னைச் சித்திரவதை செய்ததாக அந்த மாணவன் பின்னர் சொன்னான். மரபணுப் பரிசோதனை இருவரையும் விடுவித்தது. அடுத்துப் பிடிபட்ட ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்தது. மரபணு அவருடையதும் இல்லை. கடைசியில் அது அவருடைய சகோதரருடையது என்று தெரிந்தது. மக்களின் கோபம் உச்சத்தில் இருந்த அந்த நாட்களில், ஆய்வுகூடத்தின் பரிசோதனை ஒன்று இல்லாதிருந்தால் குற்றமற்ற ஒருவர் மரண தண்டனைக் கைதியாகியிருப்பார்.

யாருக்குத் தீர்ப்பு, யாருக்கு மன்னிப்பு

மரண தண்டனை எல்லோருக்கும் சமமாக விழும் என்று நம்புபவர்கள் மிருசுவிலை நினைத்துப் பார்க்க வேண்டும். 2000 டிசம்பரில், இடம்பெயர்ந்த தங்கள் வீடுகளைப் பார்க்கப் போன எட்டுப் பொதுமக்கள் கழுத்து அறுத்துக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஐந்து வயதுக் குழந்தையும் ஒன்று. இராணுவச் சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்கவுக்கு 2015 ஜூன் 25ஆம் திகதி மரண தண்டனை விதிக்கப்பட்டது. தீர்ப்புக்கு ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் சென்றன. 2019இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2020 மார்ச் 26ஆம் திகதி, நாடு கொரோனா ஊரடங்கில் இருந்தபோது, ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார்.

2000 ஒக்டோபரில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் தமிழ் இளைஞர்கள் வெட்டியும் எரித்தும் கொல்லப்பட்ட வழக்கில் 2003இல் ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அவர்கள் விடுதலையானார்கள். கொலை வழக்கில் 2016இல் மரண தண்டனை பெற்ற முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் டுமிந்த சில்வாவுக்கு 2021 ஜூன் 24ஆம் திகதி மன்னிப்புக் கிடைத்தது. 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அந்த மன்னிப்பைச் செல்லாது என்று அறிவித்தது. அரசியலமைப்பின் 34ஆவது உறுப்புரையின் கீழ் மன்னிப்பு வழங்குமுன் நீதிபதியின் அறிக்கை, சட்டமா அதிபரின் ஆலோசனை, நீதி அமைச்சரின் கருத்து ஆகியவை பெறப்பட வேண்டும். அந்த அதிகாரம் எல்லையற்றது அல்ல என்பது அந்தத் தீர்ப்பால் உறுதியானது.

செல்வாக்குள்ளவருக்கு மன்னிப்பின் கதவு திறக்கும் நாட்டில் கயிறு யாருக்கு மிஞ்சும்? சட்டத்தரணிக்குக் கட்டணம் செலுத்த முடியாதவருக்கும், தன் மொழியில் வழக்கு நடக்காதவருக்கும்.

செம்மணியின் சாட்சி

1996 செப்டெம்பரில் செம்மணி சோதனைச் சாவடியில் சுண்டிக்குளி மகளிர் கல்லூரி மாணவி ஒருவர் மறிக்கப்பட்டு வன்புணர்வு செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டார்கள். 1998 ஜூலையில் கொழும்பு மேல் நீதிமன்றம் படையினருக்கு மரண தண்டனை விதித்தது. தண்டனை பெற்றவர்களில் ஒருவரான லான்ஸ் கோப்ரல் சோமரத்ன ராஜபக்ச, செம்மணியில் 300 முதல் 400 வரையான உடல்கள் புதைக்கப்பட்டிருப்பதாக நீதிமன்றத்தில் சொன்னார். 1999இல் தோண்டியபோது 15 உடல்கள் கிடைத்தன. பிறகு அந்த விவகாரம் மூடப்பட்டது.

2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் மீண்டும் தோண்டினார்கள். சிறுவர்களுடையவை உட்பட 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அந்த ஆண்டு ஓகஸ்ட்டில், சர்வதேச விசாரணை நடந்தால் சாட்சியமளிக்கச் சோமரத்ன ராஜபக்ச தயாராக இருக்கிறார் என்று அவருடைய மனைவி ஜனாதிபதிக்குக் கடிதம் எழுதியதாகச் செய்திகள் வந்தன.

1998இல் நம்மில் பலர் அவரைத் தூக்கிலிட வேண்டும் என்றுதான் விரும்பினோம். அது நடந்திருந்தால் கட்டளை எங்கிருந்து வந்தது, யார் யார் புதைத்தார்கள் என்று சொல்லக்கூடிய ஒரு வாய் என்றைக்குமாக மூடியிருக்கும். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வீதியில் இருந்து கேட்பது உண்மையை. உண்மை தெரிந்தவர்கள் உயிரோடு இருந்தால்தான் அதைக் கேட்க முடியும். கீழே நின்றவரைத் தூக்கிலிடுவது மேலே நின்றவருக்குச் செய்யும் உதவியாகவும் முடியலாம்.

மின்கம்பங்களையும் மறக்கக் கூடாது

இந்தக் கணக்கில் நம்முடைய பக்கமும் உண்டு. 1980களில் யாழ்ப்பாணத்தின் சந்திகளில் 'சமூக விரோதி', 'துரோகி' என்று எழுதிய அட்டையோடு மின்கம்பங்களில் கட்டிச் சுடப்பட்டவர்களை நம் மூத்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். திருடர் என்று சொல்லப்பட்டவர்கள், தகவல் கொடுத்தவர் என்று சந்தேகிக்கப்பட்டவர்கள். விசாரணையும் மேன்முறையீடும் இல்லை. அன்று அதைச் சரி என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அதனால் களவு ஒழிந்ததா? ஒழிந்தது கேள்வி கேட்கும் துணிவு. இயக்கங்கள் ஒன்றையொன்று அதே முறையில் அழித்தன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஒட்டுமொத்தமாக வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் அகதிகளாக வந்து சேர்ந்தது இந்தப் புத்தளம் மாவட்டத்துக்குத்தான். ஆயுதம் வைத்திருப்பவரே தீர்ப்பும் சொல்லலாம் என்று ஒரு சமூகம் ஒருமுறை ஏற்றுக்கொண்டால், அந்தத் தீர்ப்பு எங்கே போய் நிற்கும் என்பதை இந்த மண் அறியும்.

அப்படியானால் என்ன செய்வது?

மரண தண்டனை வேண்டாம் என்பது குற்றவாளியை விட்டுவிடுங்கள் என்று சொல்வதல்ல. புங்குடுதீவு மாணவியின் வழக்கில் 2017 செப்டெம்பர் 27ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் மூன்று மேல் நீதிமன்ற நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். ஒன்பது எதிரிகளில் எழுவருக்கு மரண தண்டனை, இருவர் விடுதலை. அந்த வழக்கில் மக்களுக்கு ஆறுதல் தந்தது எது? இரண்டரை ஆண்டுக்குள் விசாரணை முடிந்தது, மரபணுச் சான்றும் சாட்சியமும் தமிழில் நம் கண்முன் சோதிக்கப்பட்டன, தப்ப வைக்க முயன்ற அதிகாரியும் கேள்விக்குள்ளானார். கயிறு இல்லாமலே இவை அத்தனையும் நடந்தன. அடுத்த ஆண்டு ஜூனில் சுழிபுரத்தில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்டாள். ஒன்பது மாதங்களுக்கு முன் அதே மாவட்டத்தில் வாசிக்கப்பட்ட ஏழு மரண தண்டனைகள் அந்தக் கையைத் தடுக்கவில்லை.

தடுக்கக்கூடியவை வேறு. முறைப்பாட்டை உடனே பதியும் பொலிஸ் நிலையம். தமிழில் வாக்குமூலம் எழுதத் தெரிந்த அதிகாரி. வருடக்கணக்கில் இழுபடாத வழக்கு. சாட்சிக்குப் பாதுகாப்பு. பரிசோதனை அறிக்கைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வைக்காத அரச பகுப்பாய்வுத் திணைக்களம். கடத்தலில் படகை மட்டும் அல்லாமல் பணத்தைத் தொடர்ந்து செல்லும் புலனாய்வு. போதைக்கு அடிமையானவருக்குச் சிறைக்குப் பதில் சிகிச்சை. இவை எவற்றுக்கும் மேடையில் கைதட்டல் கிடைக்காது. ஒரு அலுகோசுவை நியமிப்பது இவற்றை எல்லாம் விட மலிவு. அதனால்தான் அரசியல்வாதிகளுக்கு அது பிடிக்கிறது.

2024 முடிவில் உலகில் 113 நாடுகள் எல்லாக் குற்றங்களுக்கும் மரண தண்டனையை ஒழித்திருந்தன. இலங்கை 1958இலேயே அந்தப் பாதையில் கால் வைத்த நாடு. ஒரு கொலையின் கோபத்தில் திரும்பி வந்தது. அந்த ஆணைக்குழுவின் அறிக்கை இன்றும் நூலகங்களில் இருக்கிறது. அடுத்த முறை ஒரு கொடூரச் செய்தி வரும்போதும், "தூக்கில போடு" என்ற குரல் நம்முள்ளேயே எழும்போதும், இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். இந்தக் கயிறு கரைத்தீவின் படகோட்டியின் கழுத்தில் விழுமா, அவருக்குப் பொதி கொடுத்தவரின் கழுத்தில் விழுமா? நாளை நம் பிள்ளை ஒருவர் பொய்யான வாக்குமூலத்தோடு கூண்டில் நின்றால், தீர்ப்பைத் திருத்த நமக்கு நேரம் இருக்குமா?